கனவு கம்ப்யூட்டர் சுவரிலிருந்து தொடங்கட்டும் – வாசகர் கேள்வி பதில்

போன இதழின் கடைசியில் ஒரு வரி கேட்டிருந்தேன்: "காசைப் பற்றிக் கவலையே வேண்டாம் என்று யாராவது சொன்னால், எப்படிப்பட்ட கம்ப்யூட்டர் வாங்குவீர்கள்?" அதற்கு இந்த நீலகிரி மலையிலிருந்தும் கொடைக்கானல் மலையிலிருந்தும் கட்டுக்கட்டாகக் கடிதங்கள். பலர் பட்டியலே போட்டு அனுப்பியிருக்கிறார்கள், சிலர் கேள்வியை என்னிடமே திருப்பிவிட்டார்கள். ஐந்தை எடுத்துக்கொள்கிறேன். முதல் பதில் நீளமாகத்தான் இருக்கும், ஏனென்றால் அதில் சொல்ல நிறைய இருக்கிறது.

கேள்வி: அண்ணா, நான் உதகையில் கம்ப்யூட்டர் சயின்ஸ் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். விடுதி அறையில் தினமும் ராத்திரி இதே சண்டைதான். ஒருவன் கிராபிக்ஸ் கார்டுதான் முக்கியம் என்கிறான், இன்னொருவன் பிராசஸர் என்கிறான். பட்ஜெட்டே கிடையாது என்றால் நீங்கள் என்ன அசெம்பிள் செய்வீர்கள்? ஒவ்வொரு பார்ட்டாகச் சொல்ல வேண்டும், நழுவக் கூடாது. – மாணவர், உதகை

தம்பி, எல்லாவற்றையும் சொல்கிறேன். ஆனால் உங்கள் அறையில் இரண்டு கட்சி இருக்கிறது என்றால் நான் மூன்றாவது கட்சி. சுவரில் இருக்கிற பிளக் பாயின்ட்டிலிருந்துதான் நான் ஆரம்பிப்பேன்.

அதற்கு முன்னால், அந்த மெஷினை வைத்து நான் என்ன செய்யப் போகிறேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பட்டியலுக்கு அர்த்தமே இருக்காது. கோத்தகிரியில் எங்கள் வீட்டைச் சுற்றி இருக்கும் ஹட்டிகளில், அதாவது படுகர்களின் ஊர்களில், வயதானவர்கள் படுக மொழியில் பேசுவதையும் கதை சொல்வதையும் அவர்களிடம் கேட்டுக்கொண்டுதான் சில வருடங்களாகப் பதிவு செய்து வைத்திருக்கிறேன். ஓப்பன்ஏஐ 2022-இல் வெளியிட்ட விஸ்பர் என்கிற பேச்சை எழுத்தாக்கும் மாடலுக்குத் தமிழ் தெரியும், கன்னடம் தெரியும், படுக மொழி தெரியாது. அதற்கு நம் ஊர்ப் பேச்சைப் போட்டுப் பழக்க வேண்டும், வெளியே எங்கேயும் அனுப்பாமல், என் மேசையிலேயே. எனக்கு இருக்கிற கனவு இதுதான். உன் கனவு கேம் எழுதுவதாக இருக்கலாம், அனிமேஷனாக இருக்கலாம். அதைப் பொறுத்துப் பட்டியல் மாறும், சுவர் மட்டும் மாறாது.

ஏன் என்று கணக்கோடு சொல்கிறேன். நான் எடுக்கப் போகும் பிராசஸர் ஏஎம்டி திரெட்ரிப்பர் புரோ 9995டபிள்யூஎக்ஸ். 2025-இல் வந்தது, 96 கோர், 192 திரெட், அது ஒன்றுக்கே 350 வாட். அமெரிக்காவில் அறிமுக விலை 11,699 டாலர், கனவுதானே. கிராபிக்ஸ் கார்டு என்விடியா ஆர்டிஎக்ஸ் புரோ 6000 பிளாக்வெல், அது 600 வாட். ரேம், டிஸ்க், ஃபேன் எல்லாம் சேர்த்து இன்னொரு 150 என்று வைத்துக்கொள். எஸ்எம்பிஎஸ் என்கிற பவர் சப்ளை பெட்டியில் வீணாவதையும் சேர்த்தால் சுவரிலிருந்து சுமார் 1,200 வாட் இழுக்கும். 230 வோல்ட் ஒழுங்காக வந்தால் அது 5 ஆம்பியருக்குக் கொஞ்சம் மேலே. ஆனால் டிசம்பர் சாயங்காலத்தில் தெருவே ஹீட்டரும் கெய்சரும் போடுகிற நேரத்தில் வோல்டேஜ் 180-க்கு இறங்கிவிட்டால், எஸ்எம்பிஎஸ் சும்மா இருக்காது, அதே வாட்டை எடுக்க அதிகக் கரண்ட்டை இழுக்கும், கிட்டத்தட்ட 6.7 ஆம்பியர். நம் பழைய வீடுகளில் பல்பும் ரேடியோவும் மாட்டுவதற்காகப் போட்ட 5 ஆம்ப்ஸ் பிளக்கில், ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸைச் சொருகி, இதை மாட்டினால் என்ன ஆகும்? ராத்திரி முழுக்க ஓடுகிற வேலை இது, ஒயர் சூடாகிக்கொண்டே இருக்கும். அதனால் மெயின் போர்டிலிருந்து தனி ஒயர், அளவுக்கு மேல் கரண்ட் போனால் தானே விழுகிற தனி எம்சிபி சுவிட்ச், 15 ஆம்ப்ஸ் பவர் பிளக். கனவின் முதல் செலவு எலக்ட்ரீஷியனுக்கு.

இரண்டாவது செலவு மண்ணுக்குள். எர்த் குழியை யாரும் கனவு காண்பதில்லை, நான் காண்கிறேன். மலையில் நாலடி தோண்டினால் பாறை தட்டுகிற இடங்கள் அதிகம், அங்கே எர்த் பிடிக்காது. கரியும் உப்பும் போட்டு ஆழமாக ஒரு குழி, முடிந்தால் இரண்டு, அதை எலக்ட்ரீஷியனை வைத்து அளந்து பார்க்க வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே ஓரிரண்டு வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அவரை விடாதே, மறுபடி பார்க்கச் சொல். எர்த் சரியில்லாத வீட்டில் எத்தனை ஆயிரம் ரூபாய்க்கு சர்ஜ் ப்ரொடெக்டர் வாங்கி மாட்டினாலும், வருகிற மின்னலை அது எங்கே கொண்டுபோய் இறக்கும்?

மின்னல் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். இடிமேகத்துக்குள் எவ்வளவு வோல்ட் இருக்கும் என்று அளந்து காட்டியவர்கள் உன் ஊரில்தான் இருக்கிறார்கள். உதகையில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் கிரேப்ஸ்-3 ஆய்வகம் விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களை ஆராய்கிறது. அங்கே, 2014 டிசம்பர் 1 அன்று மேலே வந்த ஒரு இடிமேகத்தை, அந்தக் கதிர் காற்றில் மோதி உண்டாகி, மேகத்தைத் தாண்டி வந்த மியூவான் என்கிற துகள்களின் எண்ணிக்கை குறைந்ததை வைத்துக் கணக்கிட்டார்கள். 130 கோடி வோல்ட். 2019-இல் அந்த முடிவு வெளியானது. நம் தலைக்கு மேல் அப்படிப்பட்ட மேகம் நிற்கும்போது கீழே நாம் ஒரு யுபிஎஸ்ஸை நம்பி உட்கார்ந்திருக்கிறோம்.

என் வீட்டில் நடந்ததைக் கேள். ஒரு ஏப்ரல் மாதம், கோடை மழை, வீட்டுக்குப் பின்னால் இருந்த கற்பூர மரத்தில் இடி விழுந்தது. வீட்டின் மேல் விழவில்லை. யுபிஎஸ் நன்றாக இருந்தது, எஸ்எம்பிஎஸ் நன்றாக இருந்தது, ஆனால் மதர்போர்டு போய்விட்டது. மூன்று நாள் கழித்துத்தான் காரணம் புரிந்தது: கேட்டில் மாட்டியிருந்த கேமராவுக்குக் கூரை மேலாக 30 மீட்டர் நெட் கேபிள் போட்டிருந்தேன். பக்கத்தில் விழுந்த இடி அந்தச் செம்புக் கம்பியில் கரண்ட்டைத் தூண்டிவிட்டது, அது உள்ளே வந்து ஸ்விட்ச்சையும் மதர்போர்டின் நெட் போர்ட்டையும் தின்றுவிட்டது. வாசலைப் பூட்டிவிட்டு ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறேன். அதனால் கனவு வீட்டில் வெளியே போகிற எந்தக் கேபிளும் கண்ணாடி இழைதான், கண்ணாடியில் கரண்ட் ஓடாது. அதிலும் கவனம் வேண்டும், கம்பத்திலிருந்து வருகிற ஃபைபர் ஒயரில் தாங்குவதற்காக ஒரு இரும்புக் கம்பி சேர்ந்து வரும், அதை வெளியிலேயே நிறுத்திவிட்டு இழையை மட்டும் உள்ளே கொண்டுவரச் சொல்ல வேண்டும்.

அப்புறம் யுபிஎஸ். ஆன்லைன் வகை, 3 கேவிஏ. வருகிற கரண்ட்டை முழுதாக டிசி ஆக்கி, மறுபடி சுத்தமான ஏசியாக உருவாக்கிக் கொடுக்கிற வகை அது, வோல்டேஜ் எப்படி ஆடினாலும் மெஷினுக்குத் தெரியவே தெரியாது. பேட்டரி லித்தியம் அயர்ன் பாஸ்பேட், 5 கிலோவாட் மணி. முழு வேகத்தில் ஓடினாலும் சுமார் நான்கு மணி நேரம் தாங்கும். தென்மேற்குப் பருவமழையில் கற்பூர மரமும் சீகை மரமும் லைன் மேல் சாய்ந்தால் நான்கு மணி நேரமும் போதாது என்று உனக்கே தெரியும், ஆனால் ஓடுகிற வேலையை ஒழுங்காகச் சேமித்துவிட்டு நிறுத்த அது தாராளம். ஒரு எச்சரிக்கை: இந்த பேட்டரியை உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது, கெட்டுப்போகும். உறைபனி விழுகிற ஜனவரியில் அதை வெளி வராந்தாவில் வைக்காதே.

சரி, இப்போது மெஷின். மேலே சொன்ன கிராபிக்ஸ் கார்டில் 96 ஜிபி மெமரி. கேம் ஆடுகிறவர்கள் கேட்கும் ஆர்டிஎக்ஸ் 5090-இல் 32 ஜிபிதான். மாடல் பழக்குகிற வேலையில் மெமரி பற்றாமல் போனால் வேகம் எவ்வளவு இருந்தும் பிரயோஜனமில்லை, அதனால் என் ஓட்டு 96-க்கு. ரேம் எட்டு ஸ்டிக், ஒவ்வொன்றும் 64, ஆக 512 ஜிபி, கட்டாயம் ஈசிசி வகை. இதை உன் நண்பர்கள் பேசியே இருக்க மாட்டார்கள். 512 ஜிபி என்றால் 4 லட்சம் கோடிக்கும் மேற்பட்ட பிட்டுகள், அதில் ஏதோ ஒன்று எப்போதாவது தானாகப் புரண்டுவிடும், 0 இருந்த இடத்தில் 1. அப்படிப் புரட்டுகிறவற்றில் ஒன்று மேலே சொன்ன அதே காஸ்மிக் கதிர். காற்று என்கிற போர்வை சமவெளிக்காரர்களைவிட நமக்கு மெல்லியது, அதனால் மலையில் அந்தக் கதிர் கூடுதல். ஈசிசி ரேம் ஒரு பிட் புரண்டால் கண்டுபிடித்துத் தானே திருத்திவிடும். ஒன்பது நாள் ஓடிய வேலை பத்தாவது நாள் காரணமே தெரியாமல் தப்பாகப் போவதை நினைத்துப் பார், அதற்கு இது மலிவு.

கூலிங் பற்றி எல்லோரும் தண்ணீர்க் குழாய் என்பார்கள். நான் காற்றுதான். நொக்டுவா என்கிற கம்பெனி இந்த வகை பிராசஸருக்கென்றே பெரிய ஹீட் சிங்க், அதாவது சூட்டை இழுத்து விடுகிற உலோகக் கட்டை, செய்கிறது. தண்ணீர் கூலிங்கில் பம்ப் நின்றுவிட்டால் மாற்றுப் பம்ப் கோயம்புத்தூரிலிருந்து மேலே வருவதற்குள் ஒரு வாரம், ஃபேன் நின்றால் பத்து நிமிடத்தில் வேறு மாட்டிவிடலாம். உதகை 2,240 மீட்டர் உயரம், இங்கே காற்று மெல்லியது, தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடுவதும் பருப்பு குக்கர் இல்லாமல் வேக மறுப்பதும் அதனால்தான். ஃபேன் அதே வேகத்தில் சுற்றினாலும் அது தள்ளும் காற்றின் எடை சமவெளியைவிட ஐந்தில் ஒரு பங்காவது குறைவு. ஆனால் அந்தக் காற்று 15 டிகிரியில் வருகிறது, கீழே மே மாதத்தில் 35. கூட்டிக் கழித்தால் லாபம் நமக்கு.

இன்னொரு லாபமும் உண்டு. கம்ப்யூட்டர் எடுக்கும் கரண்ட் முழுவதும் கடைசியில் வெப்பமாகத்தான் அறைக்குள் வருகிறது. 1,000 வாட் இழுக்கிற மெஷினும் 1,000 வாட் ரூம் ஹீட்டரும் சூட்டுக்கு ஒன்றேதான். ஜூலையில் சட்டை காயாமல் தொங்குகிற வாரங்களில் அந்த அறை மட்டும் காய்ந்திருக்கும். ஓதம்தான் இங்கே எலக்ட்ரானிக்ஸுக்கு எமன். ஓடாமல் சில்லிட்டுக் கிடக்கிற மெஷின் இருக்கிற அறையில் கெட்டிலை வைத்துத் தண்ணீர் கொதிக்கவிட்டால், கண்ணாடி ஜன்னலில் படிவது போலவே போர்டு மேலும் நீர் படியும். கனவு அறையில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் டீஹியூமிடிஃபையர் ஒன்று நிச்சயம் உண்டு, கெட்டில் அடுத்த அறையில்.

கடைசியாக ஒன்று, இது கனவுக்கும் பொருந்தும் நிஜத்துக்கும் பொருந்தும். கீழே சமவெளியில் அசெம்பிள் செய்து மலைக்கு மேலே கொண்டுவருகிறவர்கள் கிராபிக்ஸ் கார்டையும் பெரிய ஹீட் சிங்க்கையும் கழற்றித் தனிப் பெட்டியில் கொண்டுவாருங்கள். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் அந்த எடை ஸ்லாட்டைப் பிடித்து ஆட்டும், வீட்டுக்கு வந்து பார்த்தால் ஸ்லாட் விரிசல் விட்டிருக்கும்.

கேள்வி: ஓய்வுபெற்ற தமிழாசிரியர் நான், வயது 67. கட்டுரை எழுதுகிறேன், பழைய புத்தகங்களை ஸ்கேன் செய்து வாசிக்கிறேன். கனவு கம்ப்யூட்டர் என்றாலே விளையாட்டுக்கும் வீடியோவுக்கும்தான் பேசுகிறார்கள். எழுதுகிறவனுக்குக் கனவு கிடையாதா? – வாசகர், குன்னூர்

ஐயா, உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு மிகவும் சந்தோஷமாக இருந்தது, ஏனென்றால் உங்களுக்கான கனவில் மெஷின் அநேகமாக ஒரு பொருட்டே இல்லை. உங்கள் வேலைக்கு இன்றைய சாதாரண மெஷினே அதிகம். பணம் முழுவதையும் கண்ணுக்கும் கைக்கும் முதுகுக்கும் செலவழியுங்கள்.

முதலில் திரை. தமிழ் எழுத்து வளைவுகளால் ஆனது. ணகரத்துக்கும் னகரத்துக்கும் ஒரு சுழிதான் வித்தியாசம், மெய்யெழுத்தின் புள்ளியோ கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் நிற்கிற ஒரு பொட்டு. 24 இன்ச் சாதாரண ஃபுல் எச்டி திரையில் ஓர் இன்ச்சுக்கு சுமார் 92 பிக்சல்தான், அங்கே புள்ளி பக்கத்து எழுத்தின் கொம்போடு ஒட்டிக்கொள்ளும், கி-யா கீ-யா என்று கழுத்தை நீட்டிப் பார்க்க வேண்டும். 32 இன்ச் 6கே, அதாவது குறுக்கே சுமார் 6,000 பிக்சல் இருக்கிற, திரையில் இன்ச்சுக்கு 218 பிக்சல். ஆப்பிளின் ப்ரோ டிஸ்ப்ளே எக்ஸ்டிஆர் 2019-இல் வந்தபோது அப்படி வந்தது, டெல்லும் பிறகு அதே அளவில் ஒன்று கொண்டுவந்தது. அதில் தமிழைப் பார்த்தால் நன்றாக அச்சடித்த புத்தகத்தைப் பார்ப்பது போலவே இருக்கும். இதில் ஓலெட் வேண்டாம், படத்துக்கு அது அழகு, ஆனால் நாள் முழுக்க ஒரே இடத்தில் நிற்கிற எழுத்துக்கும் மெனுவுக்கும் ஐபிஎஸ் என்கிற வகைத் திரைதான் நல்லது, தடம் பதியாது. திரையை ஜன்னலுக்கு எதிரே வைக்காமல் பக்கவாட்டில் வையுங்கள். பனி மூடிய நாளில் நம் ஜன்னல் முழுவதும் வெள்ளை விளக்கு மாதிரிதான் இருக்கும்.

கீபோர்டு. நீங்கள் எதில் தட்டுகிறீர்கள் என்று எழுதவில்லை. ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக்குகிறவராக இருந்தால், தயவுசெய்து ஒரு மாதம் தமிழ்99-க்குக் கொடுங்கள். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட விசைப்பலகை அது. உயிரெழுத்துகள் இடது கைக்கு, மெய்கள் வலது கைக்கு. ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளியைத் தானே வைத்துவிடும், ங-வை அடுத்து க, ந-வை அடுத்து த வந்தாலும் அப்படியே. 'அம்மா' என்பதற்கு அ, ம, ம, ஆ என்று நாலே தட்டு. தமிழ் இலக்கணம் தெரிந்த ஒருவர் செய்தது என்பது தட்டத் தட்டத் தெரியும், ஆசிரியரான உங்களுக்கு அது கூடுதலாகவே பிடிக்கும். காசு தடையில்லை என்றால் மெக்கானிக்கல் கீபோர்டு வாங்கி, அதன் கட்டைகளில் தமிழ்99 எழுத்துகளை அழியாதபடி அச்சிட்டுப் போடச் சொல்லலாம். ஸ்விட்ச் மட்டும் இலேசானதாக, செர்ரி சிவப்பு மாதிரி 45 கிராம் அழுத்தத்தில் இறங்குவதாக எடுங்கள். ஜனவரி காலையில் விறைத்த விரலுக்கு அதற்கு மேல் கனமானது சரிப்படாது.

நாற்காலி விஷயத்தில் உலகம் முழுக்க வலைத்துணி நாற்காலியைத்தான் புகழ்வார்கள். வெக்கையான ஊரில் அது சொர்க்கம். இங்கே முதுகில் குளிர் நேராக ஏறும். நல்ல துணி மெத்தை, இடுப்புத் தாங்கல், கை வைக்கும் உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி, பாதத்துக்கு ஒரு பலகை. இதில் விலையைப் பார்க்காதீர்கள், ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டு வாங்குங்கள்.

ஸ்கேன் செய்வதற்கு, புத்தகத்தைக் கவிழ்த்து அமுக்குகிற வகையை விட்டுவிட்டு, மேலிருந்து கேமரா எடுக்கிற வகையைப் பாருங்கள். பழைய புத்தகங்களின் முதுகு உடையாது.

கேள்வி: இவ்வளவு எதற்கு? நல்ல லேப்டாப் ஒன்று போதாதா? கரண்ட் போனாலும் ஓடுமே. – வாசகி, கூடலூர்

பெரும்பாலானவர்களுக்குப் போதும், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. மழைக்காலத்தில் உங்கள் பக்கம் கரண்ட் படுத்தும் பாடு தெரிந்துதான் சொல்கிறேன். ஆனால் லேப்டாப்பையே கனவாக்குங்கள்: வீட்டில் ஒரு பெரிய மானிட்டர், தனிக் கீபோர்டு, லேப்டாப்பைக் கண் உயரத்துக்குத் தூக்கும் ஸ்டாண்ட், ஒரே கேபிளில் எல்லாம் இணையும் டாக். குனிந்தே வேலை செய்கிற கழுத்துக்கு இந்த நான்கும் சேர்ந்துதான் மருந்து. இடி இடிக்கும்போது சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டுங்கள், அந்த வசதி எங்கள் யாருக்கும் கிடையாது.

கேள்வி: நான் கொடைக்கானலில் போட்டோ எடுப்பவன். 2018-இல் குறிஞ்சி பூத்தபோது எடுத்த படங்களில் பாதி ஒரு ஹார்ட் டிஸ்க்கோடு போய்விட்டது. கடையில் கொடுத்தேன், ஃபார்மேட் செய்து "சரியாகிவிட்டது" என்று திருப்பிக் கொடுத்தார்கள். 2030-இல் மறுபடி பூக்கும். அதற்குள் எனக்குக் கனவு ஸ்டோரேஜ் வேண்டும். – வாசகர், கொடைக்கானல்

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு ஒரு நாள் முழுக்க மனசு சரியில்லை. பன்னிரண்டு வருடத்துக்கு ஒரு முறை வருகிற பூ. முதலில் உடனடி விஷயம்: அந்த டிஸ்க்கில் அதற்குப் பிறகு எதையும் எழுதவில்லை என்றால் நம்பிக்கை முழுதாகப் போகவில்லை. சும்மா ஃபார்மேட் செய்தால் பெரும்பாலும் எந்தப் படம் எங்கே இருக்கிறது என்கிற அட்டவணைதான் அழியும், படங்கள் அடியில் கிடக்கும். அதை எதிலும் சொருகாமல், டேட்டா மீட்பதையே தொழிலாக வைத்திருக்கிறவர்களிடம் கொடுங்கள்.

உங்கள் ஊரிலேயே உங்களுக்கு ஒரு பாடம் இருக்கிறது. கொடைக்கானல் சூரிய ஆய்வகம் 1899-இல் தொடங்கியது. சூரியப் புள்ளியிலிருந்து வாயு வெளிநோக்கிப் பாய்வதை ஜான் எவர்ஷெட் 1909-இல் கண்டுபிடித்தது அங்கேதான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து நாள்தோறும் எடுத்த சூரியப் படங்கள் கண்ணாடித் தட்டுகளாகவும் பிலிமாகவும் அங்கே இருந்தன, நூறு வருடம் கழித்து அவற்றை ஸ்கேன் செய்து டிஜிட்டல் ஆக்கினார்கள். அந்தப் பழைய தட்டுகளை எடுத்தவர்கள் இன்று இல்லை. யாரோ ஒழுங்காகப் பெயரும் தேதியும் எழுதி, காய்ந்த இடத்தில் அடுக்கி வைத்ததால் படம் இருக்கிறது. உங்கள் கனவு ஸ்டோரேஜ் அந்த அலமாரியைப் போல இருக்க வேண்டும்.

மூன்று பிரதி, இரண்டு வகைப் பொருளில், ஒன்று வேறு ஊரில். இதைத்தான் தொழில் செய்கிறவர்கள் கடைப்பிடிக்கிறார்கள். முதல் பிரதி நீங்கள் வேலை செய்யும் எஸ்எஸ்டி. இரண்டாவது, ஐந்தாறு டிஸ்க் போட்டு வீட்டு நெட்டில் இணைக்கிற நாஸ் பெட்டி, அதில் இசட்எஃப்எஸ் என்கிற சேமிப்பு முறை. ஃபைலின் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சரிபார்ப்பு எண்ணை வைத்துக்கொண்டு, மாதம் ஒரு முறை எல்லாவற்றையும் வாசித்துப் பார்த்து, எங்கேயாவது அரித்திருந்தால் மற்ற டிஸ்க்கிலிருந்து தானே சரிசெய்யும். ஒரு டிஸ்க் செத்தாலும் படம் போகாது. ஆனால் இதை மட்டும் நம்பிவிடாதீர்கள், நீங்களே தவறி அழித்தால் அது எல்லா டிஸ்க்கிலும் சேர்ந்தே அழியும். மூன்றாவது டேப். ஆம், பழைய கேசட் மாதிரி நாடாதான். எல்டிஓ-9 என்று 2021-இல் வந்தது, ஒரு கேசட்டில் 18 டிபி. டிரைவ்தான் விலை, கேசட் மலிவு. எழுதி வெளியே எடுத்து வைத்துவிட்டால் வைரஸ் தொடாது, மின்னல் தொடாது.

அந்த கேசட்டின் ஒரு பிரதி மலைக்குக் கீழே இருக்கட்டும், வத்தலக்குண்டிலோ மதுரையிலோ உறவினர் வீட்டில். ஏன் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதே 2018 நவம்பரில் கஜா புயல் வந்து உங்கள் மலையில் மரங்களைச் சாய்த்துப் பாதைகளை மறித்தபோது நீங்கள் அங்கேதானே இருந்தீர்கள்.

கேமராவும் லென்ஸும் டிஸ்க்கும் டேப்பும் எல்லாம் ஈரப்பதத்தை 40 முதல் 50 சதவீதத்தில் வைத்திருக்கும் டிரை கேபினெட்டில். லென்ஸில் பூஞ்சை பிடிப்பது உங்களுக்கே தெரியும். விடியற்காலை குளிரில் வெளியே எடுத்துப் போன டிஸ்க்கை வீட்டுக்குள் வந்த உடனே சொருகாதீர்கள், பையை மூடியபடியே இரண்டு மணி நேரம் விடுங்கள், அறைச் சூட்டுக்கு வரட்டும்.

கேள்வி: மகன் காலேஜில் சேர்ந்திருக்கிறான். ஏஐ படிக்கிறேன் என்று நாலு லட்சத்துக்கு ஒரு லிஸ்ட் எழுதிக் கொடுத்திருக்கிறான். தேயிலை எடுத்த காசில் சேர்த்தது 60,000 இருக்கிறது. கனவு எல்லாம் சரி தம்பி, இந்தக் காசுக்கு எது? – ஒரு தாய், கோத்தகிரி

அக்கா, மற்ற நால்வருக்கு எழுதும்போதும் உங்கள் கடிதம் மேசை மேலேயே இருந்தது. முதலில் அவனைத் திட்டாதீர்கள். அவன் எழுதிய லிஸ்ட்டில் தப்பான பொருள் ஒன்றும் இல்லை, இப்போதைக்கு வேண்டாதது ஒன்று இருக்கிறது. விலையில் பாதிக்கும் மேல் கிராபிக்ஸ் கார்டு. அதை இந்த வருடம் வாங்க வேண்டாம். கூகுள் கோலாப் என்று ஒன்று இருக்கிறது, கூகுளின் கிராபிக்ஸ் கார்டைக் கொஞ்ச நேரம் கொஞ்ச நேரமாக இலவசமாகவே பயன்படுத்தலாம். முதல் இரண்டு வருடப் பாடத்துக்கு அது போதும். அதுவும் பற்றாத பெரிய வேலை வந்தால் மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம், டிராக்டர் வாடகைக்கு எடுப்பது போல.

மீதிக் காசில், ஆறு கோர் பிராசஸர், கிராபிக்ஸ் அதற்குள்ளேயே இருக்கிற வகை. 16 ஜிபி ரேம், பின்னால் இன்னும் ரேம் போடக் காலி ஸ்லாட் இருக்கிற மதர்போர்டு. 1 டிபி எஸ்எஸ்டி. எஸ்எம்பிஎஸ்ஸில் மட்டும் மிச்சம் பிடிக்க விடாதீர்கள், கேபினெட்டோடு இலவசமாகத் தருகிறோம் என்பதை வாங்கவே வேண்டாம், தனியாக நல்ல கம்பெனியில் 650 வாட் எடுத்தால் நாளைக்கு கிராபிக்ஸ் கார்டு போட்டாலும் தாங்கும். மானிட்டர் 27 இன்ச் பார்க்கச் சொல்லுங்கள், காசு பற்றாவிட்டால் செகண்ட் ஹேண்டில் பார்க்கலாம், மானிட்டர் சீக்கிரம் கெடுகிற பொருள் இல்லை, ஆனால் கடையிலேயே ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் காசு கொடுக்க வேண்டும். ஒரு 1 கேவிஏ யுபிஎஸ். பேக்கப்புக்கு ஒரு சின்ன எக்ஸ்டர்னல் டிஸ்க், அதை எப்போதும் சொருகியே வைக்காமல் வாரம் ஒரு நாள் மாட்டி எடுத்து, பீரோவில் வைக்க வேண்டும்.

கடைக்காரர் கேமிங் நாற்காலியும் கலர் கலராக எரிகிற ஃபேனும் காட்டுவார். அந்தக் காசை அப்படியே எலக்ட்ரீஷியனிடம் கொடுங்கள், எர்த்தைப் பார்க்கச் சொல்லுங்கள், தனி ஒயர் இழுக்கச் சொல்லுங்கள். நாலு லட்சத்து லிஸ்ட்டில் அது இருக்கிறதா என்று பார்த்தேன், இல்லை. உங்கள் வீடு சரிவில் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள், அப்படியானால் குழி கீழ்ப்பக்கம் ஈரம் நிற்கிற இடத்தில் வரட்டும், பக்கத்தில் செடி கிடி இருந்தால் உப்பு படாதபடி தள்ளித் தோண்டச் சொல்லுங்கள். பிப்ரவரி, மார்ச்சில் மண் காய்ந்துவிடும். அந்த இரண்டு மாதமும் வாரத்துக்கு இரண்டு குடம் தண்ணீர் குழியில் ஊற்றுவது மகனுடைய வேலை.